கப்பல் குஷாதாசியில் நிற்கும் ஒரு பகலில் எபேசு: தனி வழிகாட்டியுடன் சென்று வருவதற்கான வழிமுறை

ஏஜியன் கடலைச் சுற்றிவரும் பயணிகள் கப்பல்கள் பல, துருக்கியின் மேற்குக் கரையில் உள்ள குஷாதாசித் துறைமுகத்தில் ஒரு பகல் பொழுது நிற்கின்றன. அங்கிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில், செல்சுக் என்னும் சிற்றூரை ஒட்டிப் பண்டைய எபேசு நகரம் கிடக்கிறது. ரோமப் பேரரசின் ஆசிய மாகாணத்துக்குத் தலைநகராக விளங்கிய ஊர் அது. 2015இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. கப்பல் நிறுவனம் நடத்தும் பேருந்துச் சுற்றுலாவில் சேர்ந்து அங்கே போகலாம்; அல்லது ஒரு வழிகாட்டியையும் வேனையும் நாமே அமர்த்திக்கொண்டு போகலாம். முதல்முறை கப்பலில் செல்பவர்கள் இரண்டாவது வழியை நினைத்துத் தயங்குவது இயல்புதான். ஆனால், முறையாகத் திட்டமிடுபவர்களுக்கு அதுவே மேலான வழி என்பது என் உறுதியான எண்ணம். எந்த வாயிலில் எத்தனை மணிக்கு நுழைவது, எதை விட்டுவிடுவது, எந்த இடத்தில் அரை மணி நேரம் நின்று பார்ப்பது என்பதெல்லாம் அப்போது நம் கையில் இருக்கும். குறைந்த நேரமே கிடைக்கும் ஒரு பயணத்தில் இதைவிடப் பெரிய வசதி வேறில்லை.

கப்பலின் நேரத்திலிருந்து தொடங்குங்கள்

வழிகாட்டியைத் தேடும் முன் கப்பலின் பயண அட்டவணையை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் காணும் வருகை நேரமும் புறப்பாட்டு நேரமும் நமக்கு முழுமையாகக் கிடைப்பவை அல்ல. கப்பல் கரையணைந்த பிறகு துறைமுக அதிகாரிகளின் அனுமதி கிடைத்தால்தான் பயணிகளை இறங்க விடுவார்கள். அதற்கே அரை மணி நேரம் முதல் முக்கால் மணி நேரம் வரை ஆகலாம். அதேபோல, புறப்பாட்டுக்குக் குறைந்தது அரை மணி நேரம் முன்னதாக எல்லாரும் கப்பலுக்குள் இருந்தாக வேண்டும். சில நிறுவனங்கள் இதற்கு ஒரு மணி நேரம்கூட வைத்திருக்கின்றன. ஆகவே, காலை 7 மணிக்கு வந்து மாலை 6 மணிக்குப் புறப்படும் கப்பல் என்றால், உண்மையில் உங்கள் பகல் 7.45க்குத் தொடங்கி 5.30க்கு முடிகிறது. அதிலும் கடைசி ஒன்றரை மணி நேரத்தைத் தொடாமல் ஒதுக்கிவிட்டு, மாலை 4 மணிக்குத் துறைமுகத்தில் இருப்பதாகத் திட்டமிடுவதே பாதுகாப்பானது.

இந்த ஒதுக்கீடு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கப்பல் நிறுவனத்தின் சொந்தச் சுற்றுலாப் பேருந்து வழியில் தாமதமானால், கப்பல் அதற்காகக் காத்திருக்கும். காத்திருக்க முடியாத நிலையிலும் உங்களைக் கொண்டுவந்து சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. நீங்களே அமர்த்திக்கொண்ட வேன் தாமதமானால் அந்தப் பொறுப்பு அவர்களுக்கு இல்லை. குஷாதாசிக்கும் எபேசுக்கும் இடையே அரை மணி நேரப் பயணம்தான் என்பதால் இங்கே ஆபத்து குறைவு. தனிப் பயணத்தைப் புதிதாக முயல்பவர்களுக்கு இந்தத் துறைமுகம் பொருத்தமாக இருப்பதற்கு அதுவே காரணம். சில கப்பல்கள் குஷாதாசிக்குப் பதிலாக இஸ்மீரில் நிற்கும். அங்கிருந்து எபேசு ஏறத்தாழ 80 கிலோமீட்டர். பெருநகரத்து நெரிசலையும் கடக்க வேண்டும். எனவே, உங்கள் கப்பல் எந்தத் துறைமுகத்தில் நிற்கிறது என்பதைப் பெயர் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

கடிகாரத்தையும் கவனிக்க வேண்டும். துருக்கி 2016 முதல் ஆண்டு முழுவதும் ஒரே நேரத்தைப் பின்பற்றுகிறது. கிரேக்கமோ குளிர்காலத்தில் ஒரு மணி நேரம் பின்னுக்குப் போகிறது. கோடையில் இரண்டு நாடுகளுக்கும் ஒரே நேரம். குளிர்காலப் பயணத்தில் கப்பலின் நேரமும் கரையின் நேரமும் ஒரு மணி வேறுபடலாம். கைப்பேசி தானாகவே கரையின் நேரத்துக்கு மாறிவிடும். ஆகவே, கப்பலில் அறிவிக்கும் நேரத்துக்கு வைத்த கைக்கடிகாரம் ஒன்று கையில் இருப்பது நல்லது.

விசாவும் கடவுச்சீட்டும்

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் இதைப் பயணச்சீட்டு வாங்கும் முன்பே பார்க்க வேண்டும். ஏதென்ஸ் அருகிலுள்ள பிரேயஸ் துறைமுகத்தில் ஏறிக் குஷாதாசிக்குப் போய், மீண்டும் ஒரு கிரேக்கத் தீவுக்கு வரும் பயணத்தில், நீங்கள் ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் எல்லையை விட்டு வெளியேறி மறுபடி உள்ளே நுழைகிறீர்கள். ஒருமுறை மட்டும் நுழைய அனுமதிக்கும் ஷெங்கன் விசா இதற்குப் போதாது. பலமுறை நுழையும் விசா வேண்டும். விண்ணப்பத்துடன் கப்பலின் முழுப் பயண அட்டவணையையும் இணைத்தால் இந்தத் தேவை தூதரகத்துக்குப் புரியும். துருக்கியில் பகல் நேரத்துக்கு இறங்குவதற்கான விதி நாட்டுக்கு நாடு மாறுவதால், உங்கள் கடவுச்சீட்டுக்கு எது பொருந்தும் என்பதைக் கப்பல் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுப் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். மலேசிய, சிங்கப்பூர்க் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு இந்த இரண்டு கவலையும் இல்லை.

வழிகாட்டியை அமர்த்தும் முறை

துருக்கியில் சுற்றுலா வழிகாட்டுதல் சட்டத்தால் வரையறுக்கப்பட்ட தொழில். பண்பாட்டு, சுற்றுலா அமைச்சகத்தின் உரிமம் பெற்றவர்கள் மட்டுமே தொல்லியல் தலங்களில் விளக்கம் சொல்லலாம். அவர்கள் கழுத்தில் படத்துடன் கூடிய உரிம அட்டை தொங்கும். குறைந்த விலைக்குக் கிடைக்கும் பல 'தனிச் சுற்றுலா'க்கள் உண்மையில் ஓட்டுநரோடு கூடிய வேன் மட்டுமே. அந்த ஓட்டுநர் வாயிலோடு நின்றுவிடுவார். உள்ளே நீங்கள் தனியாகக் கற்களைப் பார்த்துக்கொண்டு நடக்க வேண்டியிருக்கும். எபேசு போன்ற இடத்தில் விளக்கம் சொல்ல ஆள் இல்லாமல் போவது பெரிய இழப்பு. எனவே, உரிமம் பெற்ற வழிகாட்டி உங்களுடன் உள்ளே நடந்து வருவாரா என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

அடுத்ததாக, கட்டணம் ஆளுக்கா, வண்டிக்கா என்று கேளுங்கள். வண்டிக்கு என்றால், நான்கைந்து பேர் கொண்ட குடும்பத்துக்குக் கப்பலின் பேருந்துச் சுற்றுலாவைவிடச் செலவு குறைவாகவே இருப்பதுண்டு. இருவர் மட்டும் என்றால் கூடுதலாகும்; கப்பலிலேயே ஒத்த மனமுள்ள இன்னொரு குடும்பம் கிடைத்தால் பகிர்ந்துகொள்ளலாம். நுழைவுச்சீட்டுகள் அந்தக் கட்டணத்தில் அடக்கமா என்பதைத் தனியாகக் கேட்க வேண்டும், ஏனெனில் அது சிறு தொகை அன்று. வெளிநாட்டினருக்கான எபேசு நுழைவுக் கட்டணம் 2024இல் 40 யூரோ. அங்குள்ள பண்டைய மலைச்சரிவு வீடுகளைப் பார்க்கத் தனிச் சீட்டு வாங்க வேண்டும். கட்டணங்கள் அடிக்கடி மாறுவதால் புறப்படுமுன் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கப்பல் வராமல் போனால் முழுப் பணமும் திரும்பக் கிடைக்குமா என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ஏஜியன் கடலில் வீசும் பலத்த வடகாற்றால் கப்பல்கள் சில துறைமுகங்களைத் தவிர்த்துவிட்டுப் போவதுண்டு. நல்ல நிறுவனங்கள் இந்த நிபந்தனைக்குத் தயங்காமல் ஒப்புக்கொள்ளும். பல நிறுவனங்கள் சுற்றுலா முடிந்த பிறகே பணம் வாங்குகின்றன.

கடை விஷயத்தையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். கம்பளக் கடை, தோல் ஆடைக் கடை, பீங்கான் பட்டறை என்று ஏதேனும் ஒன்றுக்கு விருந்தினரை அழைத்துச் செல்வது அப்பகுதிச் சுற்றுலாவில் ஊறிப்போன வழக்கம்; விற்பனையில் ஒரு பங்கு அழைத்து வந்தவருக்குப் போகும். தேநீர் கொடுத்து உபசரிப்பார்கள், கம்பளங்களை ஒவ்வொன்றாக விரித்துக் காட்டுவார்கள், ஒரு மணி நேரம் போய்விடும். கம்பளம் வாங்கும் எண்ணம் உள்ளவர்களுக்கு அது பயனுள்ள மணி நேரம்தான். அந்த எண்ணம் இல்லாதவர்கள், 'எந்தக் கடையிலும் நிறுத்த வேண்டாம்' என்ற ஒரு வரியை உறுதிக் கடிதத்தில் சேர்க்கச் சொல்லுங்கள்.

இறங்கும் காலை

குஷாதாசியில் கப்பல்கள் பெரும்பாலும் துறைமுகத் தளத்திலேயே அணைகின்றன. இறங்கிக் கடைகள் நிறைந்த ஒரு வளாகத்தின் வழியாக நடந்தால் ஊர் வந்துவிடும். வழிகாட்டி உங்கள் பெயர்ப்பலகையுடன் வெளிவாயிலில் நிற்பார். ஒரே நாளில் பல கப்பல்கள் நின்றால் பெயர்ப்பலகைகளும் பல இருக்கும் என்பதால், அவருடைய கைப்பேசி எண்ணையும் சந்திக்கும் இடத்தின் படத்தையும் முன்பே வாங்கிக்கொள்ளுங்கள். கப்பலின் அறை அட்டை, கடவுச்சீட்டின் நகல், கொஞ்சம் யூரோ, தண்ணீர், தொப்பி ஆகியவை போதும். காலணி மட்டும் பிடிமானமுள்ளதாக இருக்கட்டும். இரண்டாயிரம் ஆண்டுகளாகக் கால்கள் பட்டுத் தேய்ந்த பளிங்குத் தெரு வெயிலிலேயே வழுக்கும். மழை பெய்தால் கேட்கவே வேண்டாம்.

எபேசுக்குள் நடக்கும் வழி

தலத்துக்கு இரண்டு வாயில்கள் உண்டு. மேல் வாயிலில் இறங்கிச் சரிவில் நடந்து கீழ் வாயிலில் வெளியேறுவதே வழக்கமான பாதை. வேன் அதற்குள் கீழே வந்து காத்திருக்கும். கப்பலின் பெரிய பேருந்துகளும் இதே பாதையில்தான் ஆட்களை இறக்குகின்றன. ஒன்பது மணிக்கு மேல் பதினொன்றரை வரை ஒரே திசையில் பெருங்கூட்டம் நகரும். அதனால், தலம் 8 மணிக்குத் திறந்த பின், ஒன்பது மணிக்கு முன்பே மேல் வாயிலில் நிற்பதைக் குறிக்கோளாகக் கொள்ளுங்கள். உங்கள் கப்பல் தாமதமாக அணைந்து அது முடியாமல் போனால், செல்சுக்கிலுள்ள அருங்காட்சியகத்தையும் ஆர்ட்டெமிஸ் என்னும் பெண் தெய்வத்தின் கோவில் இருந்த இடத்தையும் முதலில் பார்த்துவிட்டுப் பிற்பகலில் எபேசுக்குள் நுழையலாம். கோடையில் அந்த நேரத்து வெயில் கடுமையாக இருக்கும், உள்ளே நிழலும் குறைவு. ஆகவே வயதானவர்கள் உடன் வந்தால் கூட்டத்தைப் பொறுத்துக்கொண்டு காலையிலேயே போவது நல்லது. கழிப்பறைகள் வாயில்களில்தான் இருக்கின்றன. உள்ளே நுழையும் முன் அதை முடித்துக்கொள்ளுங்கள்.

நுழைந்ததும் வருவது நகர நிர்வாகம் நடந்த பகுதி. ஆட்சி மன்றம் கூடிய சிறு அரங்கமும், அணையா நெருப்பைக் காத்த மன்றமும் அடுத்தடுத்து இருக்கின்றன. அருகே சுடுமண் குழாய்கள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். நகருக்குத் தண்ணீர் வந்தது இவற்றின் வழியாகத்தான். அவற்றைச் சுட்டிக்காட்டி, ஒரு குழாயின் வாய் இன்னொன்றுக்குள் எப்படிப் பொருந்துகிறது என்று விளக்கும் வழிகாட்டி கிடைத்தால், நீங்கள் நல்லவரை அமர்த்தியிருக்கிறீர்கள் என்று கொள்ளலாம்.

சற்றுத் தள்ளி, ஹெர்குலிஸ் உருவம் செதுக்கிய இரண்டு தூண்களுக்கு இடையே தெரு குறுகுகிறது. அதற்குக் கீழே வண்டிகள் வர முடியாது. அங்கிருந்து இறங்கும் குரேத்தர் தெரு நடப்பவர்களுக்கே உரியது. இந்த இடத்தில் ஒரு நிமிடம் நின்று கீழே பாருங்கள். தெருவின் கடைசியில் செல்சஸ் நூலகத்தின் முகப்பு தெரியும். வழியில் டிராஜன் பேரரசரின் நீரூற்று மண்டபம் வரும். அதில் அவருடைய சிலையில் எஞ்சியிருப்பது ஒரு பாதமும் அதனருகே ஓர் உருண்டையும்தான். அடுத்து வருவது ஹேட்ரியன் கோவில். அதன் முகப்பு வளைவின் நடுக்கல்லில் நற்பேற்றின் தெய்வத்தின் தலை செதுக்கப்பட்டிருக்கிறது.

நூலகத்துக்குப் போவதற்கு முன், இடப்பக்கச் சரிவில் பெரிய கூரைக்கு அடியில் இருக்கும் வீடுகளுக்குக் கட்டாயம் செல்லுங்கள். பேருந்துச் சுற்றுலாக்களில் பெரும்பாலானவை தனிச் சீட்டையும் நேரத்தையும் காரணமாக வைத்து இவற்றைத் தவிர்த்துவிடுகின்றன; தனி வழிகாட்டியோடு வருபவர்கள் தவிர்க்கவே கூடாது. வெளியே நீங்கள் காண்பது கோவில்களும் வளைவுகளும். இங்கேதான் மனிதர்கள் வாழ்ந்த அறைகளைப் பார்க்கிறீர்கள். சுவரோவியங்கள் நிறத்தோடு இருக்கின்றன, தரையில் சிறு கற்களால் இழைத்த சிங்கமும் கடல் தெய்வங்களும் இருக்கின்றன, சுவர்களில் அந்தக் காலத்தவர் கீறிவைத்த கிறுக்கல்களும் கணக்குகளும் கூட இருக்கின்றன. ஓர் அறையில் உடைந்த பளிங்குத் துண்டுகளை நீள மேசைகளில் பரப்பி, எது எதனோடு சேரும் என்று வல்லுநர்கள் பொறுமையாகப் பொருத்திப் பார்த்து வந்திருக்கிறார்கள். பாதை முழுவதும் படிக்கட்டுகள் என்பதால் முழங்கால் வலி உள்ளவர்கள் கீழேயே இருந்துவிடலாம். மற்றவர்கள் முக்கால் மணி நேரம் ஒதுக்க வேண்டும்.

செல்சஸ் நூலகம் கிழக்கு நோக்கி நிற்கிறது. ஆகவே அதன் முகப்பில் வெயில் நேராக விழுவது காலையில்தான். படம் எடுப்பவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். ஆசிய மாகாணத்தின் ஆளுநராக இருந்த செல்சஸின் நினைவாக அவருடைய மகன் கி.பி. 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பத் தொடங்கிய கட்டடம் இது. செல்சஸின் கல்லறையும் இதற்கு அடியில்தான் இருக்கிறது. ஊருக்குள் அடக்கம் செய்யப்படுவது அன்று அரிதாகக் கிடைத்த பெருமை. நிலநடுக்கத்தில் விழுந்து கிடந்த முகப்பை 1970களில் ஆஸ்திரியத் தொல்லியலாளர்கள் மீண்டும் நிறுத்தினார்கள். மாடங்களில் அறிவு, பண்பு போன்றவற்றைப் பெண்ணுருவாக்கி வைத்த நான்கு சிலைகள் நகல்கள். மூலங்கள் வியன்னாவில் இருக்கின்றன. படிகளில் ஏறும்போது கீழேயும் பாருங்கள். ஏழு கிளைகள் கொண்ட யூத விளக்கு ஒன்று படிக்கல்லில் கீறப்பட்டிருக்கிறது. வழிகாட்டியிடம் கேட்டால் காட்டுவார்.

அங்கிருந்து பளிங்குத் தெரு வழியாகப் பெரிய அரங்கத்தை அடையலாம். ஏறத்தாழ 24,000 பேர் அமரக்கூடிய இந்த அரங்கம் விவிலிய வாசகர்களுக்கு நன்கு தெரிந்த இடம். தியானாளின் (ஆர்ட்டெமிஸுக்கு விவிலியத்தில் வரும் பெயர்) வெள்ளிக் கோவில்களைச் செய்து விற்ற தெமேத்திரியு என்னும் தட்டானின் தூண்டுதலால், கிறிஸ்தவத் திருத்தூதர் பவுலின் போதனைக்கு எதிராக ஊர் மக்கள் திரண்டு கூச்சலிட்டது இங்கேதான் என்று அப்போஸ்தலர் நடபடிகள் 19ஆம் அதிகாரம் சொல்கிறது. அந்தப் பகுதியைக் கப்பலிலேயே ஒருமுறை படித்துவிட்டு வந்தால், இருக்கை வரிசைகளைப் பார்க்கும்போது காட்சி கண்முன் விரியும்.

அரங்கத்தின் எதிரே நேராக ஒரு அகன்ற தெரு மேற்கே ஓடி, நாணலும் புல்லும் மண்டிய தாழ்நிலத்தில் முடிகிறது. துறைமுகம் இருந்தது அங்கேதான். கடலிலிருந்து இறங்கியவர்கள் இந்தத் தெருவில் நடந்துதான் நகருக்குள் வந்தார்கள்; பிற்காலத்தில் இரவில் இதற்கு விளக்குகளும் எரிந்தன என்று கல்வெட்டு சொல்கிறது. கைஸ்டர் ஆறு ஆண்டுதோறும் கொண்டுவந்து கொட்டிய வண்டல் துறைமுகத்தைத் தூர்த்தது. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் பெர்கமோன் மன்னர் இரண்டாம் அட்டாலஸ், வாயிலைக் குறுக்கினால் ஆழம் கூடும் என்று நம்பி ஒரு கல்லணை கட்டச் செய்தார். கடலலை அடித்துப்போக வேண்டிய வண்டல் அதனால் உள்ளேயே தங்கி, நிலைமை இன்னும் மோசமானது என்று பண்டைய கிரேக்கப் புவியியலாளர் ஸ்திராபோ எழுதியிருக்கிறார். இன்று கடல் பல கிலோமீட்டர் விலகிவிட்டது. எபேசுக்குப் போகும் கப்பல்கள் இன்று குஷாதாசியில் நிற்க வேண்டியிருப்பது இதனால்தான். வழிகாட்டி வேகமாக வெளிவாயிலுக்கு அழைத்துச் சென்றாலும், இந்தத் தெருவின் முனையில் அவரை நிறுத்தி இந்தக் கதையைக் கேளுங்கள். நகரம் ஏன் கைவிடப்பட்டது என்பதற்கான விடையின் பெரும்பகுதி இதில் இருக்கிறது.

மொத்த நடை ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். வீடுகளையும் சேர்த்து மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். நீண்ட நடை இயலாத பெற்றோருடன் வருபவர்கள், கீழ் வாயில் வழியாகவே நுழைந்து அரங்கத்தையும் நூலகத்தையும் மட்டும் பார்த்துவிட்டு அதே வழியில் திரும்பலாம். அந்தப் பகுதியில் ஏற்றம் குறைவு. இத்தகைய மாற்றத்துக்குத் தனி வேனில் வருபவர்களுக்கு மட்டுமே இடமுண்டு.

எஞ்சிய நேரத்தில் எது

அரை நாள் மட்டுமே நிற்கும் கப்பல் என்றால் எபேசோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முழு நாள் கிடைத்தால், செல்சுக்கிலுள்ள அருங்காட்சியகத்துக்கு ஒரு மணி நேரம் தாருங்கள். 1956இல் எபேசு அகழாய்வில் கிடைத்த ஆர்ட்டெமிஸ் பளிங்குச் சிலைகள் அங்கே இருக்கின்றன. மார்பு முழுவதும் வரிசை வரிசையாகத் தொங்கும் முட்டை வடிவங்கள் எதைக் குறிக்கின்றன என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. பாவாடைப் பகுதியில் அடுக்கடுக்காக நிற்கும் சிங்கம், காளை, தேனீ உருவங்களை அருகில் சென்று பாருங்கள். இந்தச் சிலைகளைப் பார்த்த பிறகு ஆர்ட்டெமிஸ் கோவில் இருந்த இடத்துக்குப் போவது சரியான வரிசை. உலகின் பண்டைய ஏழு அதிசயங்களுள் ஒன்றாகப் போற்றப்பட்ட அக்கோவிலில் இன்று நிற்பது, கிடைத்த துண்டுகளை அடுக்கி எழுப்பிய ஒற்றைத் தூண் மட்டுமே. சிலையை முதலில் பார்க்காதவர்களுக்கு அது ஏமாற்றமாக இருக்கும். அங்கு பத்து நிமிடம் போதும்.

மலைமேல் இருக்கும் மரியன்னையின் இல்லம் பல சுற்றுலாக்களில் இடம்பெறுகிறது. 1967இல் ஆறாம் பவுல், 1979இல் இரண்டாம் யோவான் பவுல், 2006இல் பதினாறாம் பெனடிக்ட் ஆகிய திருத்தந்தையர் வந்து வணங்கிய இடம் அது. வேளாங்கண்ணிக்குப் போகும் மனத்தோடு வருபவர்களுக்கு அந்தச் சிறு கல் வீடும், வேண்டுதல்களை எழுதிக் கட்டும் சுவரும், ஊற்றுநீரும் மிகுந்த நிறைவைத் தரும். அவர்கள் அருங்காட்சியகத்தைக்கூட விட்டுவிட்டு இங்கே வரலாம். பழங்காலக் கட்டடங்களைப் பார்ப்பதற்காக மட்டும் வருபவர்கள் இதை விடலாம் என்பது என் கருத்து.

உணவுக்குச் செல்சுக்கில் எளிய கடைகள் உண்டு. சைவர்கள் கீரையோ பாலாடைக்கட்டியோ வைத்துக் கல்லில் சுடும் கொஸ்லெமெ என்னும் தட்டை ரொட்டியையும் பருப்புச் சூப்பையும் கேட்கலாம். சூப்பில் இறைச்சிச் சாறு சேர்த்திருக்கிறதா என்பதை வழிகாட்டி மூலம் கேட்டுக்கொள்ளுங்கள். உப்புப் போட்ட மோரான அய்ரன் எங்கும் கிடைக்கும், வெயிலுக்கு அதைவிட நல்லது இல்லை.

திரும்பும்போது

துறைமுகம் வந்த பிறகு மீதிப் பணத்தையும், மனம் நிறைந்திருந்தால் வழிகாட்டிக்கும் ஓட்டுநருக்கும் தனித்தனியாக அன்பளிப்பையும் கொடுங்கள். நேரம் இருந்தால் துறைமுகத்தை ஒட்டிய கடைகளில் சுற்றலாம். அங்கிருந்து கப்பல் நடந்துபோகும் தொலைவுதான்.

எல்லா முன்னெச்சரிக்கைக்குப் பிறகும் கப்பலைத் தவறவிடும் நிலை வந்தால் என்ன செய்வது என்பதையும் தெரிந்துகொண்டு இறங்குங்கள். கப்பலில் அன்றாடம் தரும் நிகழ்ச்சித் தாளில் அந்தத் துறைமுகத்தில் கப்பல் நிறுவனத்துக்காகச் செயல்படும் முகவருடைய பெயரும் தொலைபேசி எண்ணும் அச்சிடப்பட்டிருக்கும். இறங்கும் முன் அதைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வழியில் தாமதம் ஏற்பட்டவுடனேயே அவரை அழைத்துச் சொல்ல வேண்டும். சில நிமிடங்களே குறைவு என்றால் அந்த அழைப்பு பயன்படக்கூடும். கப்பல் புறப்பட்டுவிட்டால், உங்கள் கடவுச்சீட்டு கப்பலில் இருக்கும் பட்சத்தில் அதைப் பெரும்பாலும் அவரிடமே விட்டுச் செல்வார்கள். அடுத்த துறைமுகத்துக்குப் போய்ச் சேரும் செலவு உங்களுடையது என்பதால், அதை ஈடுகட்டும் பயணக் காப்பீட்டை ஊரிலிருந்து கிளம்பும் முன்பே எடுத்துவிட்டு, அதன் எண்ணையும் அதே கைப்பேசியில் வைத்திருங்கள்.